அக்கரை சேர்த்த பாலம்

பாலம் நிலைத்து நிற்கும் வரையில் அதை எவரும் நினைப்பதில்லை. நாள்தோறும் அதன்மீது நடப்போர் கீழே ஓடும் நீரைப் பார்ப்பார்களேயன்றித் தம்மைத் தாங்கும் உத்தரங்களைப் பார்ப்பதில்லை. ஒருநாள் வெள்ளம் அதை வாரிக்கொண்டு போன பின்னரே, இக்கரையும் அக்கரையும் இருவேறு உலகங்கள் என்பது புலப்படுகிறது.

2024 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் விடியுமுன் கேரளத்தின் வயநாட்டில் நேர்ந்தது அதுவே. பெருமழையால் நனைந்து ஊறிய மலைச்சரிவு இடிந்து, பாறையும் மரமும் சேறும் கலந்த வெள்ளமாக இறங்கியது. மேப்பாடிக்கு அருகிலுள்ள புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய தேயிலைத் தோட்டச் சிற்றூர்கள் அதன் வழியில் இருந்தன. உறக்கத்திலேயே மடிந்தோர் பலர். உயிரிழந்தோர் 250 பேருக்கும் மேல். சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்ட உடல்கள் பல, மலைக்குக் கீழே நிலம்பூர்ப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டன.

சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்த பாலமும் அவ்வெள்ளத்தில் போயிற்று. அக்கரையில் இடிபாடுகளுக்கு அடியில் உயிரோடு எவரேனும் இருப்பரோ என்னும் ஏக்கம். இக்கரையில் மண்வாரி இயந்திரங்களும் ஆம்புலன்ஸ் வண்டிகளும் அணிவகுத்து நின்ற நிலை. கயிற்றைப் பற்றி வீரர்கள் ஆற்றைக் கடக்கலாம்; கனத்த இயந்திரம் கடத்தல் எளிதோ? ஆகவே அங்கே ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க்கணக்காயிற்று.

அந்நிலையில் வந்தோர் மதறாஸ் பொறியியல் படைப்பிரிவினர். 1780 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்று, பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படைப்பிரிவு இது. இதன் வீரர்களைப் படையினர் இன்றும் 'தம்பிகள்' என்றே அழைப்பர். தமிழ்ச் சொல் ஒன்று படைமுகாமில் பட்டப்பெயராக நிலைத்திருப்பது நமக்கு உவகை தருவதாகும்.

அவர்கள் அமைத்தது 190 அடி நீளமும் 24 டன் சுமை தாங்கும் வலிமையும் கொண்ட பெய்லி பாலம். ஜூலை 31 ஆம் நாள் தொடங்கிய வேலை, இரவெல்லாம் கொட்டும் மழையில் நடந்து, ஆகஸ்டு 1 ஆம் நாள் மாலையில் முடிவுற்றது. அப்பணியில் முன்னின்ற அதிகாரிகளுள் மேஜர் சீதா ஷெல்கே என்னும் பெண்மணியும் ஒருவர்.

இத்துணை விரைவு எங்ஙனம் இயன்றது? விடையைத் தேடினால் நாம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குச் செல்லல் வேண்டும். டொனால்டு பெய்லி என்பவர் பிரிட்டிஷ் போர் அலுவலகத்தின்கீழ்ப் பணிபுரிந்த அரசு ஊழியர். 1940 ஆம் ஆண்டில் ஒரு கடித உறையின் பின்புறத்தில் அவர் இப்பாலத்தின் வரைபடத்தைக் கிறுக்கிக் காட்டினார் என்பர். மறு ஆண்டே முழு அளவுச் சோதனை நடந்தது. 1942 நவம்பரில் துனீசியாவில் மெஜெர்தா ஆற்றின்மீது முதன்முதலாகப் போர்க்களத்தில் அது பயன்பட்டது.

அவர் கண்ட வழி மிக எளியது. பாலத்தின் அடிப்படை உறுப்பு, 10 அடி நீளமும் 5 அடி உயரமும் உள்ள எஃகுச் சட்டம். அதன் எடை ஏறத்தாழ 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். சாதாரண லாரியில் ஏற்றிவிடலாம். சட்டத்தோடு சட்டத்தை இரும்பு முளைகளால் இணைப்பர். நீளம் வேண்டுமாயின் சட்டங்களைத் தொடர்ந்து கோப்பர். வலிமை வேண்டுமாயின் பக்கத்திலும் மேலும் அடுக்குவர். பாலத்தை ஒரு கரையிலேயே பூட்டி, உருளைகளின்மீது வைத்து, மெல்ல மெல்ல ஆற்றின்மேல் தள்ளுவர். முன்புறத்தில் தளமில்லாத இலேசான மூக்குப் பகுதி நீண்டு செல்லும். பின்புறத்தின் கனம் அது கவிழாமல் காக்கும். மூக்கு அக்கரையைத் தொட்டதும் பாலம் பிறந்துவிட்டது எனலாம்.

1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்துவின் ஆற்றுக்குக் குறுக்கே 1,154 அடி நீளத்தில் மிதவைகளின்மீது இத்தகைய பாலம் எழுந்தது. போர் முடிந்தது, பாலம் ஓயவில்லை. 1996 ஆம் ஆண்டில் கேரளத்து ரான்னியில் பம்பையாற்றுப் பாலம் இடிந்து வீழ்ந்தபோதும் படையினர் பெய்லி பாலமே அமைத்துத் தந்தனர். பகைவரை எட்டுவதற்கென ஆக்கிய கருவி, பரிதவிப்போரை எட்டுவதற்குப் பயன்படலாயிற்று.

மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நாம், 'தற்காலிகம்' என்னும் சொல்லை எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறோம். தற்காலிகப் பணி, தற்காலிகக் கட்டடம், தற்காலிக ஏற்பாடு. முழுமை பெறாதது, மதிப்பில் தாழ்ந்தது என்னும் சாயல் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டது. சூரல்மலைப் பாலம் அதைத் துடைத்துவிட்டது. நூறாண்டு நிற்கும் பாலம் ஐந்தாண்டு கழித்து வருவதினும், இன்று மாலையே எழும் பாலம் அன்று அவர்களுக்குப் பெரிது.

ஒன்றை மறத்தலாகாது. ஒரே இரவில் எழுந்த பாலம் ஒரே இரவில் ஆயத்தமானதன்று. வெள்ளமில்லாத நாள்களில் யாரோ ஒருவர் கிடங்கில் அச்சட்டங்களை எண்ணி அடுக்கினார், முளைகளுக்குத் துருப்பிடிக்காமல் எண்ணெயிட்டார், பதிவேட்டில் கணக்கெழுதினார். அவர் பெயர் எச்செய்தியிலும் வாராது. ஆயினும் அவர் ஒரு பெட்டி முளைகளை மறந்திருப்பாராயின், அவ்விரவில் அக்கரை எட்டாமலே போயிருக்கும்.

பாலத்தால் மாண்டோரை மீட்க இயலவில்லை; மண்ணுள் புதைந்த வீடுகளையும் எழுப்ப இயலவில்லை. பாலம் திறந்த மாலையில் முதன்முதலாகக் கடந்த வண்டிகளைக் கண்டோர் மகிழ்ச்சியால் ஆரவாரித்திருப்பினும், அம்மகிழ்ச்சியின் அடியில் துயரமே நின்றது. எனினும் தேடுவோர் அக்கரை சேர்ந்தனர். தம்மவரைத் தேடி நின்றோர்க்கு ஒரு வழி கிடைத்தது. தனித்து விடப்பட்டோமோ என்று அஞ்சிய ஊருக்கு, விடப்படவில்லை என்று விடை சொன்னது 190 அடி எஃகு.