மைசூர்ப் பேறுகால ஏடுகளும் பதின்மூன்று வயதின் கார்டிசோலும்

மைசூர் மண்டி மொகல்லாவில் இருக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1906இல் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனாரால் தொடங்கப்பட்டது. 1934 முதல் அங்குப் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றையும் தாயின் எடையையும் செவிலியர் ஏடுகளில் ஒழுங்காகக் குறித்து வைத்தனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் தாம் எழுதியவை இதயநோய் ஆய்வுக்கும், அதன் வழியே வளரிளம் பருவத்தினரின் அழுத்த ஹார்மோன் ஆய்வுக்கும் அடிப்படையாகும் என்று அவர்கள் கருதியிருக்க வழியில்லை.

அவ்வேடுகளின் மதிப்பை உணர்ந்தவர்கள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்து ஆய்வாளர்கள். கருவிலும் குழவிப் பருவத்திலும் நேரும் வளர்ச்சிக் குறை முதுமையில் இதயநோயாக வெளிப்படும் என்ற டேவிட் பார்க்கரின் கருதுகோள் 1989இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டப் பழைய பதிவேடுகளின் துணையோடு முன்வைக்கப்பட்டது. அவருடைய சகாவான கரோலின் ஃபால் அதே வினாவோடு மைசூருக்கு வந்தார். மருத்துவமனையைச் சுற்றிய பகுதிகளில் வீடுவீடாகச் சென்று, 1934க்கும் 1954க்கும் இடையே அங்குப் பிறந்தவர்களைத் தேடினர். 517 பேரைப் பரிசோதித்த முடிவு 1996இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. ஐந்தரை பவுண்டோ அதற்குக் குறைவாகவோ எடையோடு பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயநோய் இருந்தது. ஏழு பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களில் அது 3 விழுக்காடு. தாயும் நூறு பவுண்டுக்குக் குறைந்தவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

நீரிழிவு மட்டும் இக்கணக்குக்குக் கட்டுப்படவில்லை. இங்கிலாந்தில் மெலிந்து பிறந்தவர்களுக்கு நீரிழிவு மிகுந்திருந்தது. மைசூரிலோ, நீளத்துக்கு மிஞ்சிய பருமனோடு பிறந்தவர்களிடமும், எடை மிகுந்த தாய்மாரின் மக்களிடமும் அது மிகுந்திருந்ததை 1998ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. பேறுகால நீரிழிவின் மீது ஐயம் விழுந்தது. பழைய ஏடுகளில் தாயின் சர்க்கரை அளவு இல்லை. ஆகவே 1997-98இல் அதே மருத்துவமனையில் 830 கருவுற்ற பெண்களோடு பார்த்தினான் ஆய்வு எனும் புதிய தொடர் தொடங்கிற்று. சர்க்கரைச் சோதனையை முடித்த 785 பேரில் 6.2 விழுக்காட்டினருக்குப் பேறுகால நீரிழிவு இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளைக் கிருஷ்ணவேணி முதலான மைசூர் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர்.

அப்பிள்ளைகள் பதின்மூன்று வயதைக் கடந்தபோது அவர்களுள் ஒரு பகுதியினர் வேறொரு சோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாமும் உடனாய்வாளர்களும் 1993இல் வகுத்த சமூக அழுத்தச் சோதனையின் சிறார் வடிவம் அது. முன்பின் அறியாத மதிப்பீட்டாளர்களின் முன் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் மனக்கணக்குப் போட வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு நின்ற எவருக்கும் அந்த நடுக்கம் தெரியும். முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்துக் கார்டிசோலை அளந்தனர். விரலில் பொருத்திய கருவி இரத்த அழுத்தத்தைத் துடிப்புக்குத் துடிப்பு பதிந்தது. பேறுகால நீரிழிவு இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சோதனையின்போது மேல்நிலை இரத்த அழுத்தம் மற்றவர்களைவிட அதிகம் உயர்ந்தது. தந்தைக்கு மட்டும் நீரிழிவு இருந்த பிள்ளைகளிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. பரம்பரையைவிடக் கருப்பைச் சூழலே காரணமாகலாம் என்ற வாதத்துக்கு இது வலுச் சேர்த்தது.

இதே ஹார்மோனை நோக்கி முற்றிலும் வேறொரு வழியில் வந்த வரலாறு ஒன்றும் உண்டு. ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயோடு அல்லது நிலையான தாய்ப்பதிலியோடு நெருங்கிய, இடையறாத உறவு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்றது. மேரி ஐன்ஸ்வொர்த் 1950களின் நடுவில் உகாண்டாவின் சிற்றூர்களிலும், பின்னர் பால்டிமோரிலும் தாய்-சேய் உறவைக் கூர்ந்து நோக்கிப் பிணைப்பு வகைகளைப் பிரித்தார். 1993இல் ஸ்பாங்லரும் கிராஸ்மனும் ஜெர்மானியக் குழந்தைகளின் உமிழ்நீரைச் சோதித்தபோது, தாய் அறையை விட்டு நீங்குகையில் அழாமல் விலகி நிற்கும் குழந்தைக்கும் கார்டிசோல் ஏறுவது தெரிந்தது. வெளியே தெரியும் அமைதி உள்ளே இருக்க வேண்டியதில்லை.

குழந்தைப் பருவத்தில் ஓரளவு தெளிவாகத் தோன்றும் இத்தொடர்பு பதின்பருவத்தில் கலங்கிவிடுகிறது. 2015இல் ஹோஸ்டினர், ஜான்சன், கன்னார் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், உரையைத் தயாரிக்கும்போது பெற்றோர் உடனிருந்தால் ஒன்பது, பத்து வயதினரின் கார்டிசோல் உயர்வு தணிந்தது. பதினைந்து, பதினாறு வயதினருக்கு அந்த உடனிருப்பால் பயன் விளையவில்லை. மைசூர்ப் பிள்ளைகள் நின்றது சரியாக இவ்விரு வயதுகளுக்கும் நடுவே. தாயின் துணை உடல் அளவில் வலுவிழக்கத் தொடங்கும் அந்த இடைக்காலத்தில் எடுத்த உமிழ்நீரை, கருப்பைக் காலத்துச் சர்க்கரையை மட்டும் வைத்துப் படிப்பது பாதிப் படிப்பே. கார்டிசோல் மிகுவது மட்டுமே கேடு என்பதும் இல்லை. நெடுநாள் துன்பத்துக்கு உள்ளான பிள்ளைகளிடம் ஏற்றமே மழுங்கிப்போவதும் உண்டு.

எங்கோ பிறந்து தனித்தனியே வளர்ந்த இவ்விரு அறிவியல்களும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன: இரண்டும் முதலில் தாயையே பார்க்கின்றன. ஒன்று அவள் எடையையும் சர்க்கரையையும் கேட்கிறது. மற்றொன்று அவள் அழைத்தவுடன் வந்தாளா என்று கேட்கிறது. தந்தை முதலாவதில் ஒப்பீட்டுக் குழுவாக நிற்கிறார். இரண்டாவதில் நெடுங்காலம் ஓரத்தில் நின்றார். மைசூர் வட்டாரத்திலோ, தமிழகத்தைப் போலவே, தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வாள். கன்னடத்தில் அதைத் தவரு மனை என்பர். பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் காலில் போட்டுத் தூங்க வைப்பதும் பெரும்பாலும் பாட்டியின் கைகள். சில மாதம் கழித்துக் குழந்தை புகுந்த வீட்டுக்கு வரும்போது அந்தக் கைகள் மாறுகின்றன. பிணைப்புக் கோட்பாட்டின் மொழியில் இது பிரிவா, பிணைப்பின் விரிவா? ஐன்ஸ்வொர்த்தே உகாண்டாவில் பல கைகளில் வளர்ந்த குழந்தைகளைக் கண்டவர்தான். எனினும் ஒற்றைத் தாயும் ஒற்றைச் சேயும் தனியறையில் இருக்கும் பால்டிமோர்ச் சோதனையே பின்னர் அளவுகோலாயிற்று.

பதின்பருவத்துப் பிணைப்பை அளக்க ஆர்ம்ஸ்டனும் கிரீன்பெர்க்கும் 1987இல் வெளியிட்ட வினாப்பட்டியல் பெற்றோர், நண்பர் ஆகியோரைப் பற்றிக் கேட்கிறது. பாட்டிக்கு அதில் தனிப்பகுதி இல்லை. 1934இல் தொடங்கிய பேறுகால ஏட்டிலோ குழந்தையின் தலைச்சுற்றளவுக்கு இடம் இருந்தது. வளர்க்கப்போகும் கைகளுக்கு இடம் இல்லை. பார்த்தினான் தொடரில் பிறந்தவர்கள் இப்போது இருபதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார்கள். அன்று கருவுற்றிருந்த அவர்களுடைய தாய்மார் பாட்டிகளாகும் காலம் இது.