தீயில் இறங்கியவர்களின் பென்ஷன் – 9: வரிசையில் கடைசி ஆள்

சென்ற வாரம் அலபாமாவின் பிரிச்சர்டு நகரில் நிறுத்தினோம். பென்ஷன் நிதி 2009-இல் வற்றிவிடும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். சொன்னது சொன்னபடி, அந்த ஆண்டு செப்டம்பரில் சுமார் 150 ஓய்வூதியர்களுக்குச் செக் வரவில்லை. பென்ஷனை நிறுத்தக் கூடாது என்று மாநிலச் சட்டம் இருந்தது. கஜானாவில்தான் காசு இல்லை.

பிரிச்சர்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. செக் நின்றது, அவ்வளவுதான். இந்த வாரம் நாம் போகும் ஊரில் ஒரு மனிதர் ஓய்வூதியர்களை அழைத்து முகத்துக்கு நேரே கேட்டார்: “பாதி வரை விட்டுக் கொடுப்பீர்களா?”

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். அதிலும் மிகச் சிறிய நகரம் சென்ட்ரல் ஃபால்ஸ். பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் ஒரு சதுர மைலைச் சற்றே தாண்டும் பரப்பு, அதற்குள் நெருக்கியடித்து, 2010 வாக்கில், 19,000 பேர். ஆற்றை நம்பி வந்த துணி ஆலைகள் எப்போதோ மூடிவிட்டன. வரி கட்ட வசதியுள்ளவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஆனால் போலீஸும் தீயணைப்பு நிலையமும் இல்லாமல் ஒரு நகரம் நடக்குமா?

சம்பளத்தை உயர்த்தப் பணம் இல்லாத நகராட்சிகள் அந்நாட்டில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தன. இன்றைக்குச் சம்பளமாகத் தர முடியாததை நாளைக்குப் பென்ஷனாகத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது. கையெழுத்துப் போடும் மேயர் அந்த நாளை வரும்போது பதவியில் இருக்கப் போவதில்லை. சென்ட்ரல் ஃபால்ஸில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர், நாற்பதுகளிலேயே கூட, பென்ஷனோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

பணியில் அடிபட்டவர் கதை வேறு. காப்புடை, காற்று உருளை, தலைக்கவசம் எல்லாம் சேர்ந்தால் ஒரு தீயணைப்பு வீரர் உடம்பில் இருபது கிலோவுக்கு மேல் ஏறிவிடும். அதோடு தண்ணீர் நிறைந்த ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு, புகைக்குள் கண் தெரியாமல் மாடிப்படி ஏற வேண்டும். முதலில் முழங்கால் போகும், அப்புறம் முதுகு. ரோட் ஐலண்ட் சட்டப்படி, பணியில் காயம்பட்டவருக்கு வேலைக்குத் திரும்ப முடியாத காலத்தில் முழுச் சம்பளமும் மருத்துவச் செலவும் நகராட்சி தர வேண்டும். இனித் திரும்பவே முடியாது என்று ஆகிவிட்டால் பணிக்காயப் பென்ஷன். சாதாரண பென்ஷனை விடத் தொகை அதிகம். மத்திய அரசின் வருமான வரியும் கிடையாது.

அதனால்தான் பணிக்காயப் பென்ஷன் மீது ஊர்க் கண் எப்போதும் பட்டுக்கொண்டே இருக்கும். “முதுகு வலி என்று போனவர் கோல்ஃப் ஆடுகிறார்” என்கிற புகார் கேட்காத அமெரிக்க நகரம் இல்லை. அப்படிச் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் சென்ட்ரல் ஃபால்ஸைக் கவிழ்த்தது அவர்கள்தான் என்பதை நான் நம்பவில்லை. பென்ஷன் நிதியில் ஆண்டுதோறும் நகராட்சி போட வேண்டிய பங்கை ஒழுங்காகப் போடவில்லை. கணக்கு அங்கேயே இடித்தது.

பங்கைப் போடாமல் எதை நம்பியிருந்தார்கள்? ஒரு சிறைச்சாலையும் அதில் சேர்த்தி! வயாட் தடுப்புக் காவல் மையம் 1990-களில் ஊருக்குள் வந்தது. மத்திய அரசு அனுப்பும் கைதிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை, அதில் ஒரு பங்கு நகராட்சிக்கு. 10 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி அதை விரிவாக்கவும் செய்தார்கள். 2008-இல் அங்கிருந்த ஒரு சீனக் குடியேறி, முதுகெலும்பு முறிந்து, கண்டறியப்படாத புற்றுநோயோடு இறந்துபோனார். விசாரணை கிளம்பியது, குடியேற்றத் துறை தன் கைதிகளை அழைத்துக்கொண்டு போய்விட்டது. படுக்கைகள் காலி. நகராட்சிக்கு வரவும் நின்றது.

2010-இல் நகரம் தன்னால் முடியவில்லை என்று கைதூக்கியது. மாநிலம் நிர்வாகியை அனுப்பியது. 2011 தொடக்கத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ராபர்ட் ஃபிளாண்டர்ஸ், மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. மேயருக்கும் நகர்மன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. எல்லாம் அவர் கையில்.

அவர் மேஜைக்கு வந்த கணக்கு இது. ஓய்வூதியர்களுக்குத் தருவதாகச் சொல்லி, பணம் ஒதுக்காமல் விட்ட பென்ஷனும் மருத்துவச் செலவும்: ஏறத்தாழ 8 கோடி டாலர். நகரத்தின் ஓராண்டு பட்ஜெட்: சுமார் 1.7 கோடி. போலீஸ், தீயணைப்புப் பென்ஷன் நிதி அக்டோபரில் தீர்ந்துவிடும். ஜூலையில் ஊர் நூலகத்தைப் பூட்டினார்கள்.

தனியார் கம்பெனியின் பென்ஷன் நிதி மூழ்கினால் கைகொடுக்க 1974 முதல் ஒரு மத்தியக் காப்பு நிறுவனம் உண்டு. நகராட்சிப் பென்ஷன் அதன் கூரைக்குள் வராது. தொழிற்சங்கம்? அது இன்று வேலையில் இருப்பவர்களுக்காகப் பேரம் பேசும். ஓய்வு பெற்றவரின் உரிமையைக் குறைக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். ஆகவே ஜூலையில் ஃபிளாண்டர்ஸ் ஓய்வூதியர்களை அழைத்தார். நீங்களாக விட்டுக் கொடுத்தால் நகரம் பிழைக்கும், இல்லையென்றால் திவால் நீதிமன்றம், அங்கே என்ன கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அறுபது, எழுபது வயதில், வீட்டுக் கடனையும் மருந்துச் சீட்டையும் வைத்துக்கொண்டு பாதிப் பென்ஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்? பெரும்பாலோர் போடவில்லை.

அதே ஜூலையில், மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸில் ஒரு சட்டம் சத்தமில்லாமல் நிறைவேறியது. ஆளுநர் லிங்கன் சேஃபி ஒப்பமிட்டார். ஒரு நகரம் திவாலானாலும், அதன் கடன் பத்திரங்களை வாங்கியவர்களுக்கு வரி வருவாயில் முதல் உரிமை என்றது அச்சட்டம். முதலீட்டாளர்கள் மிரண்டால் மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கும் கடன் கிடைக்காது என்பது வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வரிசையில் ஒருவரை முன்னால் நிறுத்தினால் இன்னொருவர் பின்னால் போகத்தானே வேண்டும்! கடன் கொடுத்தவர் முன்னே, முழங்காலைக் கொடுத்தவர் பின்னே.

ஆகஸ்ட் 1, 2011, திங்கட்கிழமை. திவால் சட்டத்தில் நகராட்சிகளுக்கான ஒன்பதாம் அத்தியாயத்தின்படி மனு நீதிமன்றத்துக்குப் போனது.

கலிபோர்னியாவின் வயேஹோ நகரமும் 2008-இல் இதே வாசலில்தான் நின்றது. அங்கே பென்ஷனில் கை வைக்கவில்லை. காரணம், பின்னால் நின்ற கால்பெர்ஸ் என்ற மாநிலப் பென்ஷன் மலை. மோதினால் வழக்கு என்று உறுமியது. சென்ட்ரல் ஃபால்ஸ் போலீஸ்காரருக்கும் தீயணைப்பு வீரருக்கும் பின்னால் இருந்ததோ, அக்டோபரில் தீரப்போகும் ஒரு சின்ன நிதி.

ஓய்வூதியர்களின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். நீதிபதி இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் அடுத்த செக் தபாலில் வரும் நாள் நெருங்கிவிட்டது. உறையைக் கிழித்தால் உள்ளே எழுதியிருக்கும் தொகை என்ன?

(அடுத்த வாரம் தொடரும்)