பேக்வெல் டார்ட்: ஒரு தின்பண்டத்தின் வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் இங்கிலாந்து நாட்டு வாதுமை டார்ட் ஒன்றை வீட்டில் செய்து பார்த்தேன். சமையற்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஆயினும், அந்தப் பண்டத்தைச் செய்ய என்னைத் தூண்டியது வகுப்பறையில் நான் செய்த பிழை ஒன்று என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக்கல்வி நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், தவறு நேர்ந்தால் மனம் தளரலாகாது என்பதற்கு ஒரு கதை சொன்னேன். இங்கிலாந்தின் பேக்வெல் என்னும் சிற்றூரில் ஒரு விடுதி. அதன் உரிமையாளர் கிரீவ்ஸ் அம்மையார். பெருமக்கள் சிலர் உணவருந்த வந்திருந்தபோது, பழப்பாகு டார்ட் செய்யுமாறு சமையற்காரருக்குச் சொல்லிவிட்டு அவர் வேறு வேலையாகப் போய்விட்டார். முட்டையையும் வாதுமையையும் மாவோடு சேர்த்துப் பிசையவேண்டிய சமையற்காரர், தவறாகப் புரிந்துகொண்டு, அவற்றைப் பழப்பாகின் மேலே ஊற்றிச் சுட்டுவிட்டார். விருந்தினரோ அதனை உண்டு வியந்து பாராட்டினர். இவ்வாறு ஒரு தவறிலிருந்து புதிய பண்டம் பிறந்தது என்று முடித்தேன். சமையல் இதழொன்றில் எப்போதோ படித்த கதை அது.

பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "எந்த வருஷம் டீச்சர்?" என்றான். படித்த நினைவில் 1860 என்றேன். "அந்தச் சமையற்காரர் பேரு?" என்று மீண்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. விருந்தினரின் பெயர்களும் தெரியவில்லை. தேடிச் சொல்வதாக வாக்களித்துவிட்டு அன்று மாலையே தேடத் தொடங்கினேன். தேடத் தேடக் கதை கரைந்துகொண்டே போயிற்று.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். டார்பிஷியர் மாவட்டத்தில், வை ஆற்றங்கரையில் இருக்கிறது பேக்வெல். பெயரைக் கேட்டவுடன், ஆங்கிலத்தில் 'நன்றாகச் சுடு' என்று பொருள்படுகிறதே, பொருத்தமான பெயர்தான் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் அடுப்புக்கும் அப்பெயருக்கும் தொடர்பே இல்லை. படெக்கா என்ற ஒருவருடைய ஊற்று என்பதே அதன் பழம்பொருள். 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கேட்டிலேயே இவ்வூரின் பெயர் பதிவாகியிருக்கிறது. டார்ட் என்பதை யாரும் நினைத்தும் பார்த்திராத காலம் அது! இன்று எழுதும் வடிவத்தை வைத்துக்கொண்டு ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லும் ஆசை நமக்கும் உண்டல்லவா?

இனி 1860-க்கு வருவோம். எலைசா ஆக்டன் என்ற பெண்மணி 1845-இல் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். இவர் முதலில் கவிதை எழுதியவர். தேவையான பொருள்களின் அளவையும் சமைக்கும் நேரத்தையும் ஒழுங்காகத் தொகுத்துக் காட்டும் முறையைச் சமையல் நூலுக்குக் கொண்டுவந்த முன்னோடி. அந்த நூலில் பேக்வெல் புட்டிங் இடம்பெற்றுள்ளது. அதுமட்டுமன்று, அது டார்பிஷியரில் மட்டுமல்லாமல் வடபகுதி மாவட்டங்கள் பலவற்றிலும் புகழ்பெற்றது என்றும், பண்டிகை நாள்களில் பரிமாறப்படுவது என்றும் அவர் எழுதுகிறார். 1845-லேயே பல மாவட்டங்களில் புகழ்பெற்றிருந்த பண்டம் 1860-இல் எப்படிப் பிறந்திருக்கும்?

சிலர் 1820 என்று சொல்கின்றனர். அதிலும் சிக்கல் இருக்கிறது. கதையில் வரும் விடுதியின் பெயர் ஒயிட் ஹார்ஸ். அந்த விடுதி 1803-இல் இடிக்கப்பட்டு, 1804-இல் அவ்விடத்தில் ரட்லண்ட் ஆர்ம்ஸ் என்ற தங்கும் விடுதி எழுந்தது. இடிக்கப்பட்ட விடுதியின் அடுப்பில் எவர் என்ன சுட்டிருக்க முடியும்?

எனக்குப் பெரிதும் வியப்பளித்தது மற்றொரு செய்தி. ஹன்னா கிளாஸ் என்பவர் 1747-இல் வெளியிட்ட சமையல் நூலில் 'இனிப்புப்பழ புட்டிங்' என்று ஒன்று உண்டு. தட்டில் மெல்லிய மாவுத்தகடு விரித்து, சீனிப்பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களை அதன்மேல் பரப்பவேண்டும். எட்டு முட்டை மஞ்சட்கருவும் இரண்டு வெள்ளைக்கருவும், ஏறத்தாழ அரை இராத்தல் சீனியும், அரை இராத்தல் உருக்கிய வெண்ணெயும் சேர்த்து அடித்து, அதன்மேல் ஊற்றிச் சுடவேண்டும். அடியில் இனிப்பு, மேலே முட்டைக் கலவை. கதையிலே சமையற்காரர் 'தவறிச்' செய்ததாகச் சொல்லப்படும் அதே வேலைதான் இது. அவர் பிறப்பதற்கு முன்பே அச்சேறிவிட்ட முறை! பழத்தோலுக்குப் பதிலாகப் பழப்பாகு வந்ததே பெரிய மாற்றம். அதற்கு எந்தத் தவறும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை.

வாதுமையின் கதை இன்னும் சுவையானது. ஆக்டன் அம்மையாரின் குறிப்பில் அரைத்த வாதுமையே கிடையாது. பத்து மஞ்சட்கரு, அரை இராத்தல் சீனி, அரை இராத்தல் வெண்ணெய், மணத்துக்காகச் சிறிது ரத்தாஃபியா, அவ்வளவுதான். ரத்தாஃபியா என்பது கசப்பு வாதுமையின் மணமுடையது. 1861-இல் நூலாக வந்த பீட்டன் அம்மையாரின் இல்லற நிர்வாக நூலில்தான் இடித்த வாதுமையைக் காண்கிறேன். அதுவும் எவ்வளவு? ஐந்து மஞ்சட்கருவுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம்! இன்றைய டார்ட்டில் வெண்ணெய், சீனி, வாதுமை மூன்றும் சம அளவு. துணையாக வந்த பொருள் தலைமை இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'பேக்வெல் டார்ட்' என்ற பெயரே இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. அதற்கு முன் அது புட்டிங். பேக்வெல்லில் இன்றும் புட்டிங்தான் பெருமைக்குரியது. மூலக்குறிப்பு தம்மிடமே இருப்பதாகக் கடைக்காரர்கள் உரிமை கொண்டாடுகின்றனர். (பீட்டன் அம்மையார் பிறர் நூல்களிலிருந்து தாராளமாக எடுத்தாண்டவர். ஆக்டனும் அதற்குத் தப்பவில்லை. ஆயினும் இன்று பலருக்கும் தெரிந்தது பீட்டனின் பெயர்தான். எனக்கு இதில் சற்று வருத்தமுண்டு.)

வாதுமை என்றதும் நம் பள்ளித் திடல்களில் நிழல்தரும் கெத்தாப்பாங் மரம் சில மாணவர்களின் நினைவுக்கு வந்தது. அதனை நாட்டு வாதுமை என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பம். டார்ட்டில் சேர்வது பீச்சுப் பழத்தின் நெருங்கிய உறவான பாதாம்.

அரை இராத்தல் சீனி என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. ஹன்னா கிளாஸ் காலத்துச் சீனி மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்தது. பிரிட்டன் 1833-இல் சட்டமியற்றி அடிமைமுறையை ஒழிக்கத் தொடங்கிய பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். 1840-களில் இங்கே செபராங் பிறையிலும் ஐரோப்பியரின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைத்தோரில் தமிழர் பலர். இரப்பருக்கு முன்பே இந்நாட்டில் நம்மவர் வியர்வை கரும்புக்கு விழுந்திருக்கிறது. ஆக்டன் அம்மையார் நூல் எழுதிய காலமும் அதுதான்.

சரி, என் அடுப்படிக்கு வருகிறேன். 175 கிராம் கோதுமை மாவு, 85 கிராம் குளிர்ந்த வெண்ணெய், சிறிது குளிர்நீர். விரல்நுனியால் உதிர்த்துப் பிசைய வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் வெண்ணெய் உடனே உருகிவிடுகிறது. முதல்முறை மாவு களியாகிப்போனது, என் மகள், "அம்மா, இது சப்பாத்திக்கா?" என்று கேட்டாள். இரண்டாம் முறை மாவை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்த பிறகே தேய்த்தேன். தட்டில் விரித்து, மேலே தாள் பரப்பி, பச்சைப்பயறு கொட்டி, வெறும் மாவை மட்டும் கால்மணி நேரம் சுட்டுக்கொண்டேன். பயறு கொட்டாவிட்டால் மாவு உப்பிவிடும். பிறகு ராஸ்பெரி பழப்பாகு ஒரு மெல்லிய பூச்சு. மேலே 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சீனி, 100 கிராம் பாதாம் தூள், இரண்டு முட்டை சேர்த்து அடித்த கலவை. 180 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 35 நிமிடம். மேற்பரப்பு பொன்னிறமாகி, நடுவில் அழுத்தினால் மீண்டு எழவேண்டும். இளஞ்சூட்டில் வெட்டினேன், பாகு வழிந்தது. முழுதும் ஆறியபின் வெட்டுவதே நன்று.

சுவை எப்படி என்று கேட்பீர்கள். அணிச்சலைவிட ஈரப்பதம் மிகுதி. நம் பாதாம் பர்பியை நினைவூட்டும் மணம். ஆக்டன் அம்மையாரின் பத்து மஞ்சட்கரு முறையையும் பாதி அளவில் முயன்றேன். நெய்யில் மிதக்கும் முட்டைப்பாகு போன்றிருந்தது. ஒரு கரண்டிக்கு மேல் எவராலும் உண்ண இயலவில்லை.

பள்ளி திறந்ததும், எவருக்கேனும் முட்டை, பருப்புவகை ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டறிந்துவிட்டு, இரண்டு டார்ட்களைச் சிறு துண்டுகளாக்கி எடுத்துச் சென்றேன். கரும்பலகையில் 1747, 1803, 1845, 1860 என்று நான்கு ஆண்டுகளை எழுதி, நான் சொன்ன கதையில் எது பொருந்தவில்லை என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டனர். நான் சொன்னது தவறு என்று அவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டேன். சில பிள்ளைகள் கைதட்டினர்.

கேள்வி கேட்ட மாணவன் மட்டும் தன் துண்டை மென்றபடி சற்று நேரம் யோசித்தான். பிறகு, "பழைய கதைதான் நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றான்.