பிரேசில் எந்த விமானத்தை வாங்கும்? பொய்த்துப்போன ஊகங்களின் வரலாறு

ஒரு நாட்டின் விமானப்படை அடுத்ததாக எந்தப் போர் விமானத்தை வாங்கும் என்று ஊகிக்கிறது உலகம் முழுக்கப் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. வேகம் எவ்வளவு, எத்தனை ஏவுகணை தூக்கும், ராடர் எவ்வளவு தூரம் பார்க்கும் என்று பட்டியல் போட்டு, கிரிக்கெட் அணி தெரிவு செய்யிற மாதிரிக் கதைப்பார்கள். ஆனால் கடைசியில் வருகிற முடிவு பல நேரம் பட்டியலுக்கு வெளியே இருந்து வருகிறது. ஏன் அப்படி? வரலாறு படிக்கிற எங்களுக்கு இது நல்ல கேள்வி. அதற்குப் பிரேசிலை விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

பிரேசில் விமானப்படையிடம் 1970களில் இருந்து பிரான்சின் மிராஜ் III விமானங்கள் இருந்தன. அவை கிழடாகிவிட, 2000களின் தொடக்கத்தில் புது விமானம் தேடும் ‘எஃப்-எக்ஸ்’ திட்டம் தொடங்கியது. 2003 ஜனவரியில் லூலா ஜனாதிபதியானார். பசியை ஒழிக்கிறதுதான் முதல் வேலை என்று சொல்லி வந்த அரசு அது. விமானத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது, பிறகு கைவிடப்பட்டது. 2005 முடிவில் பழைய மிராஜ்கள் ஓய்வு பெற, பிரான்சிடம் இருந்து பாவித்த மிராஜ் 2000 விமானங்கள் 12ஐ வாங்கிச் சமாளித்தார்கள்.

இந்த இடைவெளியில் நடந்த ஒரு சம்பவத்தை ஊகம் சொன்ன பலர் கவனிக்கவில்லை. பிரேசிலின் எம்ப்ராயர் நிறுவனம் சூப்பர் டுக்கானோ என்ற சிறிய தாக்குதல் விமானத்தைச் செய்கிறது. அதை வெனிசுவேலாவுக்கு விற்கப் பார்த்தார்கள். 2006இல் அமெரிக்கா அதைத் தடுத்தது. விமானம் பிரேசிலுடையது, ஆனால் உள்ளே இருந்த சில பாகங்கள் அமெரிக்காவுடையவை. தான் செய்த பொருளைத் தான் விரும்பிய ஆளுக்கு விற்க ஏலாது என்ற நிலை. அப்போது பிரேசிலின் வெளிவிவகார அமைச்சராக இருந்தவர் செல்சோ அமோரிம். இவருடைய பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

2008இல் ‘எஃப்-எக்ஸ் 2’ தொடங்கியது. தேவை 36 விமானங்கள். இறுதிச் சுற்றில் மூன்று பேர்: பிரான்சின் ரபேல், அமெரிக்காவின் சூப்பர் ஹோர்னெட், சுவீடனின் கிரிப்பன். பிரேசில் விலையை மட்டும் கேட்கவில்லை, தொழில்நுட்பத்தையும் கைமாற்றித் தர வேணும் என்று கேட்டது. 2006இன் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அது ஏன் என்று விளங்கும்.

2009 செப்டம்பர் 7, பிரேசிலின் சுதந்திர தினம். பிரான்ஸ் ஜனாதிபதி சார்க்கோசி விருந்தாளியாக வந்திருந்தார். ரபேலுக்கான பேச்சுவார்த்தையைத் தொடங்குவதாக இரண்டு நாடுகளும் கூட்டாக அறிவித்தன. ஏற்கெனவே நீர்மூழ்கிகளையும் ஹெலிகொப்டர்களையும் பிரான்சிடம் வாங்க ஒப்பந்தம் ஆகியிருந்தது. கதை முடிந்தது, ரபேல்தான் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் விமானப்படையின் மதிப்பீடே முடியாத நேரத்தில் வந்த அறிவிப்பு அது. சலசலப்பு எழ, போட்டி இன்னும் நடக்கிறது என்று அரசு பின்வாங்கியது. 2010 ஜனவரியில் ஃபோல்யா பத்திரிகை விமானப்படையின் அறிக்கை பற்றிய செய்தியை வெளியிட்டது: கிரிப்பன் முதலாவது, சூப்பர் ஹோர்னெட் இரண்டாவது, ரபேல் கடைசி!

2011இல் டில்மா ரூசெப் ஜனாதிபதியானார். பணத்தட்டுப்பாட்டால் முடிவு தள்ளிப்போனது. 2013இன் நடுப்பகுதியில் ஊகம் அமெரிக்கப் பக்கம் சாய்ந்தது. அக்டோபரில் டில்மா வாஷிங்டனுக்கு அரசமுறைப் பயணம் போகவிருந்தார். செப்டம்பரில், எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்களின்படி அமெரிக்க உளவு நிறுவனம் டில்மாவின் தொடர்பாடல்களையே ஒட்டுக்கேட்டது என்று பிரேசில் தொலைக்காட்சி சொன்னது. டில்மா பயணத்தைத் தள்ளிவைத்தார். 2013 டிசம்பர் 18 அன்று முடிவு வந்தது: கிரிப்பன், 36 விமானங்கள், ஏறத்தாழ 4.5 பில்லியன் டொலர். அறிவித்தவர் அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த அதே செல்சோ அமோரிம்.

ஸ்னோடனால்தான் எல்லாம் மாறியது என்று முடிப்பது லேசு. ஆனால் அது பாதிக் கதைதான். கிரிப்பன் மலிவு. அதோடு, அந்தப் புது ரகம் அப்போது முழுசாக வடிவமைக்கப்பட்டு முடியவில்லை. பட்டியல் பார்க்கிறவருக்கு அது குறை. பிரேசிலுக்கோ அதுதான் வாய்ப்பு, ஏனென்றால் முடியாத விமானத்தில்தான் தங்கள் பொறியியலாளர்களும் சேர்ந்து வேலை செய்ய இடம் இருக்கும். 2014இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 2020 செப்டம்பரில் முதல் விமானம் பிரேசிலுக்கு வந்தது, 2023இல் எம்ப்ராயரின் ஆலையில் அதை ஒன்றுசேர்க்கும் பிரிவு திறக்கப்பட்டது.

இங்கே ஒரு முரண் இருக்கு. அந்தக் கிரிப்பனின் எஞ்சினும் அமெரிக்காவுடையது. சூப்பர் ஹோர்னெட்டில் இருக்கும் அதே குடும்ப எஞ்சின். பக்கத்து ஆர்ஜென்டினா 2014இல் பிரேசில் ஊடாகக் கிரிப்பன் வாங்க ஆசைப்பட்டபோது பிரித்தானியா குறுக்கே நின்றது. பிரித்தானியப் பாகங்களும் அதற்குள் இருந்தன, 1982 போக்லாந்து யுத்தத்தின் பகை ஆறவில்லை. ஒரு விமானத்தை வாங்குகிற நாடு, அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் பின்னால் நிற்கிற அரசின் சம்மதத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறது.

இந்தக் கதைக்கும் எங்களுக்கும் என்ன என்று கேட்கலாம். ‘கிபிர்’ என்ற சொல் எங்கட வீடுகளில் விமானத்தின் பெயராக அல்ல, ஒரு சத்தத்தின் பெயராகத்தான் இன்னும் இருக்கு. அந்த விமானத்தின் வரலாறும் இதே மாதிரித்தான். 1967இல் பிரான்ஸ் ஆயுதத் தடை போட, இஸ்ரேல் மிராஜின் வடிவத்தோடு அமெரிக்க எஞ்சினைப் பொருத்திக் கிபிரைச் செய்தது. 1977இல் அதை எக்குவடோருக்கு விற்க முயன்றபோது, அந்த எஞ்சினைக் காரணம் காட்டி அமெரிக்கா தடுத்தது. 1996இல் இலங்கை விமானப்படைக்கு அது வந்தது. ஒரு விற்பனையைத் தடுக்க முடியும் என்பதற்கு எக்குவடோர் சாட்சி.

ஆகவே அடுத்த தடவை யாராவது இந்த நாடு இதைத்தான் வாங்கும் என்று வேகத்தையும் ஏவுகணையையும் காட்டினால், நாங்கள் வேற கேள்விகள் கேட்கலாம். எஞ்சின் யாருடையது? பணம் எந்தச் செலவை வெட்டி வருகிறது? அந்த நாட்டுக்கு முன்பு யார் கதவை மூடினார்கள்? பிரேசிலின் விடை இந்தக் கேள்விகளுக்குள்தான் இருந்தது. கடைசியாக இன்னொரு கேள்வியும் இருக்கு: அது யாருடைய தலைக்கு மேலால் பறக்கப் போகுது? விமானங்களை ஒப்பிடுகிற எந்தப் பட்டியலிலும் அதற்கு ஒரு நிரல் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பெயர் வைத்திருக்கிற சனம் நாங்கள். அதைக் கேட்காமல் விடக்கூடாது.