ஏட்டில் ஏறாத ஆட்டம்



ஒரு துறையில் முதல்வர் யார், அவருக்கு அடுத்தவர் யார் என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது மனிதர்க்கு இயல்பான ஒரு விருப்பம். எங்கள் பம்மலில் மாலை வேளையில் விளையாட்டுத் திடலைக் கடந்து செல்லும்போதெல்லாம் இளைஞர்கள் இத்தகைய வாதத்தில் ஈடுபட்டிருப்பதைக் கேட்கிறேன். மட்டையாட்டத்தில் கவாஸ்கர் பெரியவரா, டெண்டுல்கர் பெரியவரா? சுழற்பந்து வீச்சில் பேடியா, கும்ப்ளேயா? வாதம் சூடு பிடிக்கும். ஓட்டங்களும் விக்கெட்டுகளும் சான்றுகளாக வந்து குவியும். ஆனால் களத்தில் நின்று பந்தைப் பிடிப்பவர்களுள், தடுப்பவர்களுள் முதலிடம் யாருக்கு என்று கேட்பவர் அரியர். பதினொருவர் கொண்ட அணியில், எதிரணி ஆடும்போது எல்லாரும் செய்கின்ற தொழில் அது ஒன்றே. அப்படியிருந்தும் அதற்கு வரிசையும் இல்லை, வாதமும் இல்லை. இஃது ஏன்?

காரணம் ஆட்டக் கணக்கேட்டில் இருக்கிறது. கணக்கேடு மட்டையாளர் எடுத்த ஒவ்வோர் ஓட்டத்தையும் பதிவு செய்கிறது. பந்து வீச்சாளர் வீசிய ஒவ்வொரு பந்தையும் பதிவு செய்கிறது. களத்தில் நிற்பவர் கேட்ச் பிடித்தால் மட்டுமே நெடுங்காலம் அவர் பெயரை எழுதி வந்தது. அவர் தடுத்த ஓட்டங்களுக்கு அதில் இடமில்லை. தவறவிட்ட கேட்சுகளுக்கும் இடமில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுவோர் இவ்வகையில் வேறொரு வழக்கத்தைக் கைக்கொண்டனர். அங்கே களத்தில் நிற்பவர் வெளியேற்றியது எத்தனை, வெளியேற்றத் துணைநின்றது எத்தனை, செய்த பிழை எத்தனை என்று தனித்தனியே கணக்கு உண்டு. 1957 முதல், ஒவ்வோர் இடத்திலும் சிறந்து நின்றவர்க்குத் தங்கக் கையுறை விருதும் வழங்கப்பட்டு வருகிறது. நடுவெளிக்களத்தில் நின்ற வில்லி மேஸ் அவ்விருதைப் பன்னிரண்டு முறை பெற்றார். 1954ஆம் ஆண்டின் உலகத் தொடரில், தம் தலைக்கு மேலே பறந்து சென்ற பந்தை, அடித்தவருக்கு முதுகைக் காட்டி ஓடியவாறே அவர் பிடித்த காட்சியை அமெரிக்கர் இன்றும் பேசுகின்றனர். ஆயினும் அந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. பந்தைத் தொட்டு நழுவவிட்டவனுக்குப் பிழை எழுதப்படும். அதன் அருகே ஓடிச் சேர முடியாத சோம்பேறிக்குப் பிழை இல்லை!

நம் நாட்டுக் கிரிக்கெட் வரலாறோ ஏட்டில் ஏறாத ஒரு செயலோடுதான் தொடங்குகிறது. 1932 ஜூன் 25ஆம் நாள், லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடத் தொடங்கியது. எதிரே இங்கிலாந்து. தொடக்க ஆட்டக்காரர்களான ஹோம்ஸும் சட்கிளிஃபும் அதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான் யார்க்ஷயர் அணிக்காக 555 ஓட்டங்களைச் சேர்த்து உலகை வியக்க வைத்தவர்கள். அவ்விருவரையும் முகமது நிசார் விரைவில் வீழ்த்தினார். அடுத்து வந்த ஃபிராங்க் வுல்லியை மலேயாவில் பிறந்த லால் சிங் என்ற இளைஞர் ரன் அவுட் ஆக்கினார். 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள்! அந்த ஆட்டத்தில் இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றது என்றாலும், அன்றைய காலை நேரம் நம் அணிக்கு உலக அரங்கில் ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. ஆனால் ஆட்டக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். வுல்லியின் பெயருக்கு எதிரே 'ரன் அவுட்' என்று மட்டும் இருக்கும். யார் செய்தது என்று எழுதும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. லால் சிங் ஆடிய டெஸ்ட் அது ஒன்றே. அவர் எடுத்த 15 ஓட்டங்களும் 29 ஓட்டங்களும் ஏட்டில் இருக்கின்றன. அவர் பெயரை நிலைநிறுத்திய செயலுக்கு உரியவர் யார் என்பது அங்கே இல்லை.

செய்த செயல் மறைவதைப் போலவே, செய்யத் தவறியதும் மறைகிறது. 1967 ஜனவரியில் நம் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு நிகழ்ந்த டெஸ்டை எண்ணிப் பாருங்கள். வெற்றிக்கு 322 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் ஆடிய மேற்கிந்திய அணி, பேடி, பிரசன்னா, சந்திரசேகர் ஆகியோரின் சுழற்பந்தில் சிக்கித் தடுமாறியது. இந்தியாவின் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் சோபர்ஸ் கொடுத்த வாய்ப்பு நழுவியது. அவர் 74 ஓட்டங்களுடனும் கிரிஃபித் 40 ஓட்டங்களுடனும் ஆட்டமிழக்காமல் நின்றுவிட்டனர். ஏழு விக்கெட்டுக்கு 270 என்ற கணக்கில் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஏட்டில் சோபர்ஸின் 74 இருக்கிறது. நழுவிய கேட்ச் இல்லை. பந்து வீச்சாளர் மூவரும் உலகத் தரத்தினர். குறைந்தது, மட்டைக்கு அருகே பந்தைப் பற்றும் கைகளே.

இனி, நான் வரிசைப்படுத்த எடுத்துக்கொண்ட இடத்திற்கு வருவோம். கிரிக்கெட் களத்தில் நிற்கும் இடங்கள் பல. அவற்றுள் ஷார்ட் லெக் என்பது மட்டையாளரின் கால்புறத்தில், அவரிடமிருந்து இரண்டு மூன்று கஜ தூரத்தில் குனிந்து நிற்க வேண்டிய இடம். கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. தக்கையையும் நூலையும் இறுகச் சுற்றித் தோலால் மூடித் தைத்த உருண்டை அது. தோல் பதனிடும் தொழிலோடு நெடுநாள் உறவுடைய பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதியில் வாழ்வோர்க்குத் தோலின் உறுதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பந்து முழு வேகத்தோடு முகத்தை நோக்கி வரக்கூடிய இடத்தில், கண்ணை மூடாமல் நிற்பதே பாதித் திறமையாகும். தலைக்கவசம் அணியும் வழக்கம் 1970களின் பிற்பகுதியில்தான் பரவத் தொடங்கிற்று. அதன் பின்னும் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. 1998 பிப்ரவரியில், டாக்காவில் ஒரு சங்கப் போட்டியில், தலைக்கவசம் இன்றி இவ்விடத்தில் நின்ற ராமன் லாம்பா பந்து தாக்கி உயிரிழந்தார்.

இவ்விடத்தில் தலைக்கவசம் இல்லாத காலத்தில் நின்றவர் ஏக்நாத் சோல்கர். 1948இல் பிறந்தவர்; பம்பாய் இந்து ஜிம்கானா மைதானத்தைப் பேணி வந்த ஊழியரின் மகன். 1969 முதல் 1977 வரை 27 டெஸ்டுகள் ஆடி, 53 கேட்சுகள் பிடித்தார். அவருடைய பெயரை அழியாததாக்கியது 1971 ஆகஸ்ட் மாதத்து ஓவல் டெஸ்ட். முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 355, இந்தியா 284. இரண்டாம் ஆட்டத்தில் சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்க்க, இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. முதல் ஆட்டத்தில் 90 ஓட்டங்கள் குவித்த ஆலன் நாட், வெங்கட்ராகவன் வீசிய பந்தைத் தடுத்தாட முயன்றார். பந்து மட்டையில் பட்டுத் தரையை நோக்கித் தாழ்ந்தது. சோல்கர் முன்னே பாய்ந்து, நிலத்தைத் தொடுமுன் அதைப் பற்றிவிட்டார். ஃபிளெச்சரையும் அவரே பிடித்தார். லக்ஹர்ஸ்ட் கொடுத்த கேட்சை நம் சென்னை வெங்கட்ராகவன் பிடித்தார். டி ஒலிவேராவின் கேட்சைப் பிடித்தவர் மாற்று ஆட்டக்காரராகக் களத்தில் நின்ற ஜெயந்திலால். ஆகஸ்ட் 24ஆம் நாள், இந்தியா நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வென்று, இங்கிலாந்து மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது.

சிலர் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும். "சோல்கருக்கு அமைந்த பந்து வீச்சாளர்கள் அத்தகையோர், யார் நின்றாலும் கேட்ச் கிடைத்திருக்கும்" என்பர். இதற்கு விடை சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. 1967இலும் பேடியும் சந்திரசேகரும் வீசத்தான் செய்தார்கள். வாய்ப்பும் வரத்தான் செய்தது. வந்த வாய்ப்பை வெற்றியாக்கும் கைகள் அங்கே அமையவில்லை, ஓவலில் அமைந்தன. பந்து வீச்சாளர் கதவைத் தட்டுபவர், திறப்பவர் வேறொருவர்.

எண்களும் இதையே சொல்லுகின்றன. சோல்கரின் விகிதம் ஒரு டெஸ்டுக்கு 1.96 கேட்ச். ஸ்லிப்பில் புகழ்பெற்ற ஆஸ்திரேலியர் பாப் சிம்ப்சன் 62 டெஸ்டுகளில் 110 பிடித்தார்; விகிதம் 1.77. ராகுல் திராவிட் 164 டெஸ்டுகளில் 210 பிடித்து, 2025இல் ஜோ ரூட் முந்தும் வரை உலகில் முதலிடத்தில் இருந்தார். அவர் விகிதம் 1.28. சோல்கரின் காலத்தவரான ஆபித் அலி 29 டெஸ்டுகளில் 32 பிடித்தார். ஆனால் யஜுர்விந்திர சிங் என்றொருவர் இருக்கிறார். 1977இல் பெங்களூரில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே, ஓர் ஆட்டத்தில் ஐந்தும் போட்டி முழுவதிலும் ஏழும் பிடித்து, அந்நாளைய உலகச் சாதனைகள் இரண்டையும் சமன் செய்தார். அவர் ஆடியவை நான்கே டெஸ்டுகள். ஒரு போட்டியின் உச்சத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினால் அவரே முதல்வர். பல்லாண்டு உழைப்பைக் கொண்டு வரிசைப்படுத்தினால் சோல்கர். எட்டாண்டுக் காலம், ஒவ்வொரு பந்துக்கும் அதே இடத்தில் அஞ்சாது குனிந்து நின்றதே பெரிதென்று நான் கருதுகிறேன். ஆகவே என் வரிசையில் சோல்கர் முதல்வர். ஆபித் அலி இரண்டாமவர். யஜுர்விந்திர சிங் மூன்றாமவர்.

"வெங்கட்ராகவன் எங்கே?" என்று சென்னை மாணவர்கள் கேட்பீர்கள். 57 டெஸ்டுகளில் 44 கேட்சுகள் பிடித்த அவர் கல்லி என்னும் இடத்திற்கு உரியவர். அவ்விடத்து வரிசையில் அவருக்கு உயர்ந்த இருக்கை உண்டு. ஊர்ப்பற்றினால் ஒருவரை வேறோர் இருக்கையில் அமர்த்துவது முறையன்று. அவ்வாறே கவர் என்னும் இடத்தில் நின்ற பட்டோடி இளைய நவாபும் வேறு வரிசையினர். 1961இல் மோட்டார் விபத்தொன்றில் வலக்கண் பார்வையை இழந்த பின்பே அவர் 46 டெஸ்டுகளையும் ஆடினார். பிடித்த கேட்சுகள் 27 மட்டுமே. ஆனால் அவர் நிற்கும் திசையில் பந்தை அடித்துவிட்டு ஓடத் துணியாது நின்ற மட்டையாளர் எத்தனை பேர்? ஓடாத ஓட்டத்தை எந்த ஏடு எழுதும்?

வரலாறு பயிலும் மாணவர்கள் இதிலிருந்து அறியத்தக்கது ஒன்று உண்டு. ஏடு பொய் சொல்லுவதில்லை. ஆனால் எழுதியவர் எதை எண்ணத் தகுந்தது என்று கருதினாரோ, அதை மட்டுமே சொல்லுகிறது. கோயில் கல்வெட்டில் கொடையளித்த மன்னன் பெயரைக் காண்கிறோம். கல் சுமந்தவன் பெயரைத் தேடிக் காண வேண்டியிருக்கிறது. அதனால் அவன் சுமக்கவில்லை என்று ஆகிவிடாது. நீங்கள் எந்த வரிசையை அமைத்தாலும், எந்த வரிசையைப் படித்தாலும், முதலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இவ்வேடு எதை எண்ணியிருக்கிறது? எதை எண்ணாமல் விட்டிருக்கிறது? அடுத்த முறை ஆட்டத்தைக் காணும்போது, பந்து வீசப்படும் அந்தக் கணத்தில், மட்டையாளரைச் சற்றே விடுத்து, அவருக்கு இரண்டு கஜ தூரத்தில் குனிந்து நிற்பவரைப் பாருங்கள். அவருடைய ஆட்டத்தின் பெரும்பகுதிக்குச் சாட்சி, பார்த்தவர் கண்களே.