இளவரசரும் தையற்காரரும்

உடம்புக்கு ஏற்ற உடை என்று சொல்லிவிடுவது எளிது. அந்த உடம்பு ஓர் இளவரசருடையதாகி, அதுவும் சுமார் 5 அடி 7 அங்குல உயரத்தில் ஒடிசலாக அமைந்துவிட்டால் தையற்காரர் பாடு திண்டாட்டந்தான். பின்னாளில் எட்டாம் எட்வர்டு ஆன இங்கிலாந்து இளவரசர் அப்படிப்பட்டவர்.

1919-ல் லண்டனில் பிரெடரிக் ஷோல்ட்டி என்ற தையற்காரரிடம் அவர் கோட்டுத் தைக்கத் தொடங்கினார். ஷோல்ட்டி, ராணுவ அதிகாரிகளின் மேலங்கியை ஊன்றிக் கவனித்தவர். இடுப்பில் பெல்ட்டை இறுக்கியதும் மார்புத் துணி மடிந்து விழுந்து, ஒல்லி ஆளுக்கும் அகன்ற மார்பைத் தருகிறதல்லவா? அந்த வித்தையைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். மார்பிலும் முதுகிலும் துணி தாராளம், இடுப்பில் பிடிப்பு, தோளில் திணிப்பு இல்லை, கைக்குழி சிறிது, அதுவும் சற்று மேலே. கோல்ப் மட்டையை ஓங்கினாலும் கோட்டு கூடவே எழும்பாது. வசதிக்காகச் செய்ததே அழகாகவும் அமைந்தது.

1922-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ப் சங்கத் தலைவரானபோது இளவரசர் ஃபேர் தீவு ஸ்வெட்டர் அணிந்து வந்தார். குறுக்கே ஓடும் வண்ணப் பட்டைகள் மெலிந்த உடம்பைப் பூசினாற்போல் காட்டின. ஷெட்லாந்துப் பெண்களின் பின்னலுக்கு உடனே கிராக்கி ஏறியது.

கால்சட்டைக்கு மட்டும் அவர் வேறு கடை தேடினார். தோள்பட்டி வேண்டாம், பெல்ட்தான் வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

1936-ல் ஓராண்டுகூட நிறையாமல் முடியைத் துறந்தார். ஷோல்ட்டி கடைக் கோட்டையோ 1959 வரை விடவில்லை. ராஜ்யத்தைவிட அதுதான் அவருக்கு அளவாக இருந்தது போலும்!