செய்தித்தாளின் மூலையில் ஓர் அழைப்பாணை

மணம் முடிப்பது இருவர் இசைவால் ஆவது. அதனைச் சட்டப்படி முறிக்கவோ நீதிமன்றத்தின் வாயிலையே நாம் நாடவேண்டும். எதிராளிக்கு அறிவிக்காமல் நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாகாது. இது நியாயமான விதியே. ஆனால், கைவிட்டுச் சென்ற கணவன் எங்குள்ளான் என்பதே தெரியாதபோது, மனைவி அழைப்பாணையை யாரிடம் சேர்ப்பிப்பாள்?

அமெரிக்க மாநிலங்கள் இதற்குக் கண்ட வழி பத்திரிகை விளம்பரம். இதன் குறையை அந்நாட்டு உயர் நீதிமன்றமே 1950ஆம் ஆண்டில், விவாகரத்தோடு தொடர்பற்ற ஒரு சொத்து வழக்கில், எடுத்துக்காட்டிற்று. பின்பக்கத்துச் சிறு விளம்பரம் உரியவர் கண்ணிற்படுவது வெறும் தற்செயல் என்றது. எனினும், முகவரி அறியப்படாதோருக்கு வேறு வழியின்மையால் அதனை ஏற்றுக்கொண்டது.

எவரும் காணாத அந்த விளம்பரத்துக்கும் விலையுண்டு. 1971ஆம் ஆண்டளவில் கனெற்றிக்கட் மாநிலத்தில் விவாகரத்து வழக்குத் தொடர நீதிமன்றக் கட்டணம் 45 டொலராக இருந்தது. அழைப்பாணை சேர்ப்பிக்க வழக்கமாக 15 டொலர் ஆயிற்று. விளம்பரம் வேண்டியிருந்தால் 40 அல்லது 50 டொலர்வரை ஆகக்கூடியதாயிருந்தது. பணம் படைத்தோருக்கு 1931 முதலே நெவாடா மாநிலம் ஆறு வார வாசத்தில் விவாகரத்து வழங்கிவந்தது. அரசாங்க உதவிப்பணத்தில் வாழ்ந்த கனெற்றிக்கட் பெண்களுக்கோ சொந்த ஊர் நீதிமன்றமே எட்டாக் கனியாயிற்று.

அப்பெண்கள் வழக்காடினர். 1971 மார்ச் 2ஆம் நாள் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. விவாகத்தை முறிக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டு, பணமில்லை என்பதற்காக ஏழையைத் திருப்பியனுப்பலாகாது என்பதே நீதியரசர் ஹார்லன் எழுதிய தீர்ப்பின் சாரம். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அஞ்சலில் அனுப்பி, பொதுவிடத்தில் அறிவித்தல் ஒட்டினாலும், அது பத்திரிகை விளம்பரத்துக்கு ஈடாகும் என்றும் அவர் கூறினார்.

ஆயினும் விளம்பர முறை ஒழிந்துவிடவில்லை. 2015இல் நியூ யோர்க் நீதிபதி ஒருவர், நிலையான முகவரியற்ற கணவனுக்கு முகநூல் வழியே அழைப்பாணை அனுப்ப அனுமதித்தபோது, செலவு மிக்க பத்திரிகை விளம்பரம் பயனற்றது என்பதை மீண்டும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

மறைந்தவனுக்கு அறிவித்தல் அவன் உரிமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவனைச் சென்றடையாத அறிவித்தலின் செலவைக் கைவிடப்பட்டவள் தலையிற் சுமத்துவது எவ்வகை நீதி? முறிக்கும் அதிகாரம் அரசுக்கே உரியதெனின், தேடும் செலவும் அரசையே சார்தல் வேண்டும்.